டெத் மெட்டல் பேண்ட் டான்ஸ் பாப்புக்கு மாறுவது எப்படி: 240-ஐ இரண்டால் வகுக்கவும்

வேகமும் உறுமலுமான டெத் மெட்டலை விட்டு ஆடவைக்கும் பாட்டுக்கு மாறுவதென்றால் முதலில் டிரம்மரிடம் சொல்லுங்கள். கிட்டாரிஸ்டை ஒரு சின்த் (எலெக்ட்ரானிக் கீபோர்டு) வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம், பாடகருக்குத் தான் பாடும் வரி ஒருவழியாக நாலு பேருக்குப் புரியப்போகிறது என்ற ஆசை இருக்கும், ஆனால் ஒன்பது வருடம் டபுள் பெடலில் (இரண்டு காலாலும் கிக் டிரம்மை அடிக்கும் கருவி) கணுக்கால் வீங்க உழைத்தவனிடம் போய் "மச்சா, இனிமே தும் தும் தும் தும் மட்டும் போதும்" என்றால் அவமானமாகத்தான் படும். எங்கள் டிரம்மர் பாதியில் எழுந்து போய் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டான். ஜாம் ரூம் வாடகை அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அவனைத் திரும்பக் கூட்டிவந்தது ஒரு சின்னக் கணக்கு. எங்கள் பழைய பாட்டுகள் 240 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 240 தட்டு. டான்ஸ் பாப் பெரும்பாலும் 118-லிருந்து 128-க்குள் ஓடும். 240-இல் பாதி 120. அதனால் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) மெதுவாக்க வேண்டாம், மெட்ரோனோமை 120-இல் வைத்துவிட்டு ரிஃப்பை அதே விரல் வேகத்தில் வாசியுங்கள், கிக் மட்டும் விநாடிக்கு இரண்டு முறை விழட்டும். அதே ரிஃப்பை டிஸ்டார்ஷன் இல்லாமல் சின்த்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பாதிப் பாட்டு ஏற்கெனவே கையில் இருக்கும்.

கிக் சத்தத்தை மட்டும் அடியோடு மாற்ற வேண்டும். 240-இல் டபுள் பெடலைப் பதினாறாம் சுரமாக (ஒரு தட்டுக்கு நாலு அடி) ஓட்டினால் விநாடிக்கு 16 அடி. அந்த நெருக்கத்தில் ஒவ்வொரு அடியும் நீண்டு அதிர இடமே கிடையாது, அதனால்தான் மெட்டல் கிக்கை 'டிக் டிக்' என்று டைப்ரைட்டர் மாதிரி வடிவமைக்கிறார்கள். டான்ஸ் பாட்டில் அடிக்கும் அடிக்கும் நடுவே அரை விநாடி சும்மா கிடக்கிறது. 50, 60 ஹெர்ட்ஸில் கிக்கை நன்றாக ஊத விடுங்கள். ஏழு கம்பி கிட்டாரின் அடிக்கம்பியை ஏ சுரத்துக்கு இறக்கி (டிராப் ஏ) வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் அடிக்கம்பியும் 55 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் ஏ-யும் 55 ஹெர்ட்ஸ், இப்போது கிக்கும் அங்கேயே வந்து உட்காருகிறது. மூன்றையும் விட்டால் சேறுதான். கிட்டாரில் 150-க்குக் கீழே வெட்டிவிடுங்கள் (கிட்டாரிஸ்ட் இல்லாத நாளில் செய்வது உத்தமம்), பேஸுக்கு சைட்செயின் கம்ப்ரஷன் போடுங்கள். தேர் வரும்போது கூட்டம் விலகிவிட்டு மறுபடி கூடுமே, அந்த மாதிரி ஒவ்வொரு கிக்குக்கும் பேஸ் ஒரு கணம் ஒதுங்கி வரும். அந்த ஒதுங்கலில்தான் கால் தானாக ஆடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு நாலு மாதம் ஆனது, ஏனென்றால் மெட்டல்காரனுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் கை அரிக்கும். ஒரு யோசனை: ஒவ்வொரு ஒத்திகையிலும் பாட்டிலிருந்து ஒரு வாத்தியத்தை வெளியே அனுப்புங்கள். யாருக்கும் அது இல்லாதது தெரியவில்லை என்றால் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

அடுத்து குரல். க்ரௌல் செய்கிறவருக்கு, அதாவது உறுமிப் பாடுகிறவருக்கு, தாளமும் மூச்சும் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும், சுருதிதான் இருக்காது. அகலமான மெட்டு போட்டு அவரைக் கொல்லாதீர்கள். நீங்கள் சோலோவுக்கு உருட்டிய மைனர் பென்டடானிக்கையே பிடியுங்கள், நம்ம ஊர் சுத்த தன்யாசியும் அதே ஐந்து சுரம்தான், கோரஸுக்கு ஐந்து தாராளம். அந்தக் கோரஸ் முதல் நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். தமிழில் பாடுவதென்றால் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: 'காற்று', 'பாட்டு', 'நெருப்பு' போன்ற சொற்களை வரிக் கடைசியில் வைத்தால் குற்றியலுகரம் இழுபடாது, இழுத்தால் ஸ்பீக்கரில் 'ஊஊ' என்று அசடு வழியும். 'வா', 'போ', 'நிலா', 'தனியே' என்று நெடிலில் முடியுங்கள், கூட்டமே சேர்ந்து இழுக்கும். இன்னொரு எச்சரிக்கை, இனி வீட்டிலும் வரிகள் புரியும். ஒன்பது வருடமாக "என்னமோ கத்துறான்" என்று விட்டிருந்த என் அம்மா புதுப் பாட்டைக் கேட்டதும் "யாருடா அவ?" என்றார்.

மாறுவதென்றால் முழுசாக மாறுங்கள். மோர்பிட் ஏஞ்சல் என்ற பேண்ட் 2011 ஆல்பத்தில் டெத் மெட்டலுக்கு நடுவே டெக்னோ வாசனையைக் கலந்து பழைய ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. இன்னொரு மெட்டல் பேண்டான பாரடைஸ் லாஸ்ட் 1999-இல் கிட்டத்தட்ட சின்த் பாப் ஆல்பமே போட்டது. பிறகு கனமான இசைக்கே திரும்பியது, ஆனாலும் எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும், சண்டைக்கு வரலாம். நார்வேயின் உல்வர் 1997 வரை பனிக்காட்டு பிளாக் மெட்டல், 2017-இல் அப்பட்டமான சின்த் பாப், நடுவே இருபது வருடம் எலெக்ட்ரானிக் இசையில் ஊறிய கதை இருப்பதால் யாருக்கும் அது வேஷமாகத் தெரியவில்லை.

நாங்கள் முதல் ஷோவில் மோர்பிட் ஏஞ்சல் செய்ததைத்தான் செய்தோம். கோரமங்களாவில் ஒரு பப், பன்னிரண்டு பாட்டில் மூன்று மட்டும் புதுசு, அதுவும் நடுவில் ஒளித்துவைத்து. முடிந்ததும் கறுப்பு டி-ஷர்ட் போட்ட தம்பி ஒருவன் வந்து, "அண்ணா, ஆடவும் முடியல, தலையாட்டவும் முடியல" என்றான். அதைவிடச் சரியான விமர்சனம் எங்களுக்கு இதுவரை வரவில்லை. இப்போது ஷோ பேசும்போதே 'டான்ஸ் பேண்ட்' என்று சொல்லிவிடுகிறோம், முட்புதர் மாதிரி இருந்த லோகோவையும் தூக்கிவிட்டோம். பெயர் அப்படியேதான் இருக்கிறது.

சாமான் விஷயத்தில் சந்தோஷம்தான். முன்பு முழு டிரம் செட்டோடு டெம்போ பிடித்து சில்க் போர்டு நெரிசலில் வெந்தோம். இப்போது சாம்பிள் பேட், லேப்டாப், இயர் மானிட்டர், இரண்டு கிட்டார், எல்லாம் ஆட்டோவில் அடங்குகிறது. லேப்டாப்போடு வாசிப்பதால் கிளிக் டிராக் (தாளம் தட்டிக் காட்டும் ஒலி) காதில் இல்லாமல் மேடையேறாதீர்கள். திறந்தவெளி ஷோ என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், ஆடவைக்கும் பாட்டைப் பத்தடிக்க ஐந்து நிமிடத்துக்கு மிச்சம் வைக்காமல் ஒன்பதரைக்கே போட்டுவிடுங்கள்.

எப்படியும் பழைய பாட்டைக் கேட்டு யாராவது கத்துவார்கள். ஒன்றே ஒன்று, கடைசியில், முழு 240-இல் வாசியுங்கள். எங்கள் டிரம்மர் அதற்காகவே டபுள் பெடலை இன்னும் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான்.