பிஜிபெஞ்ச்சில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் சின்ன ஆபீசில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் வேகத்தை அளக்கும் கருவியான பிஜிபெஞ்ச்சுக்கு (pgbench) ஸ்கிரிப்ட் எழுதும்போது, மாறிகளுக்கு (variables) அவரவர் மொழியிலேயே பெயர் வைக்கிறோம். இது தாராளமாகச் செல்லும். எழுத்து, எண், அடிக்கோடு இவை மூன்றும்தான் பெயரில் வரலாம். எழுத்து என்றால் ஆங்கிலம் மட்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் எழுத்து எண்ணாக இருக்கக் கூடாது. ஆக, கிளை_2 சரி, 2கிளை கூடாது. நடுவே சிறுகோடு போட்டு கிளை-எண் என்று வைத்தாலும் ஏற்காது.

சிக்கல் வேறு இடத்தில். போன வாரம், மாறிக்கு மதிப்பு தரும் செட் (\set) வரியில் தொகை என்று பெயர் வைத்தேன். கீழே அப்டேட் வரியில் முக்காற்புள்ளி போட்டு :தொகை என்றேன். சர்வர் முக்காற்புள்ளியிடம் சின்டாக்ஸ் பிழை என்றது. கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் 'தொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோடு எழுத்தாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். பிஜிபெஞ்ச் பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது, அதனால் அதற்கு இவை இரண்டு பெயர். மதிப்பு கிடைக்காத பெயரை அப்படியே சர்வருக்கு அனுப்பிவிடுகிறது.

ஒரு வரியை நான் டைப் செய்திருந்தேன், இன்னொன்றை வேறொரு கோப்பிலிருந்து ஒட்டியிருந்தேன். இப்போதெல்லாம் பெயரை ஒரே இடத்தில் டைப் செய்து, மற்ற எல்லா இடத்துக்கும் அதையே நகலெடுக்கிறேன். கொ, கோ, கௌ போல ஒகர, ஓகார, ஔகாரக் குறி வரும் சொற்களை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். தொகைக்குப் பதில் பணம் என்று வைத்தால் போதும்.