பால்கனியில் கொத்தமல்லி: தனியாவை உடைக்கும் பக்குவம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு பால்கனிக்குக் காலையில் 4 மணி நேரம் வெயில் வரும். கொத்தமல்லிக்கு அது போதும். ஆனாலும் முதல் இரண்டு முறை எனக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. மண் நன்றாகத்தான் இருந்தது. நான் தனியாவை உடைத்த விதம்தான் தப்பு.

8 அங்குல ஆழமுள்ள க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) வாங்குங்கள். பிளாஸ்டிக் தொட்டியைவிட இதில் தண்ணீர் நன்றாக வடிகிறது. செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் சம அளவு. லால்பாக் பக்கம் சித்தாபுரம் நர்சரிகளில் கேளுங்கள்.

விதைக்கு மளிகைக் கடைத் தனியாவே போதும். பழசாக இருக்கக் கூடாது. அந்த உருண்டை உண்மையில் ஒரு காய், உள்ளே இரண்டு விதைகள். பிரித்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் இறங்கும். நான் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டேன், நொறுங்கிப்போனது. நொறுங்கியது மண்ணில் அழுகிவிடும். சப்பாத்திப் பலகையில் ஒரே அடுக்காகப் பரப்பி, கட்டையை லேசாக உருட்டுங்கள். அரை உருண்டையாக இரண்டு துண்டு வந்தால் சரி. தூள் விழுந்தால் அழுத்தம் அதிகம். சில உடையாமல் நின்றால் விட்டுவிடுங்கள், அவையும் மெதுவாக முளைக்கும்.

அப்புறம் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் தூவி, மேலே அரை அங்குலம் மண் போடுங்கள். ஸ்பிரேயரில் மட்டும் தண்ணீர். குவளையால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும், நடுவில் தோண்டிப் பார்க்காதீர்கள். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் வாடிவிடும். அதனால் முதலிலேயே வளரும் இடத்தில் விதையுங்கள்.

40 நாள் வாக்கில் அரை அடி உயரம் வரும். வெளித்தண்டுகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் செடி தேறுவது கஷ்டம்.

பின்சேர்க்கை: ஏப்ரலில் விதைத்த ஒருவர், இலை நூல் நூலாகிப் பூ வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். வெயில் ஏறினால் அப்படித்தான், பிறகு இலை அகலமாகாது. கோடையில் மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி, 3 வாரத்துக்கு ஒரு பை புதிதாக விதையுங்கள். பூத்ததைப் பிடுங்க வேண்டாம். காய் பழுப்பானதும் பறித்து நிழலில் உலர்த்தினால் அடுத்த விதை அதிலேயே இருக்கிறது.