கூடார முகாமில் கழிப்பறை, குளியலறை: செலவு வைக்கும் தவறுகள்

ஏலகிரி, கொல்லிமலை, கொடைக்கானல் பக்கம் புதிதாகக் கூடார முகாம் போடுகிறவர்கள் கூடாரத்துக்கும் விளக்குச் சரத்துக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள். கழிப்பறையை மட்டும் மேஸ்திரி பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். தாழ்ப்பாள் சரியாக விழ வேண்டும், வாளி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு இடித்துக் கட்ட வைக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

ஆள் கணக்கு மட்டும் போடுவது

ஒருவருக்கு 6 நிமிடம், காலை 6 முதல் 8 வரை ஒரு கழிப்பறைக்கு 20 பேர், ஆக 60 பேருக்கு மூன்று போதும். காகிதத்தில் சரிதான். ஆனால் ட்ரெக்கிங் ஜீப் 7 மணிக்கு என்றால் அத்தனை பேரும் கடைசி முக்கால் மணி நேரத்தில்தான் வந்து நிற்பார்கள். பத்துப் பேருக்கு ஒன்று என்று வையுங்கள். ஆறு கட்டினால் நான்கைப் பெண்கள் பக்கம் கொடுத்துவிட்டு, ஆண்களுக்குச் சிறுநீர்க் கோப்பைகளைத் தனியாக வைக்கலாம்.

குளிக்கிற தண்ணீரை செப்டிக் டேங்கில் விடுவது

"எல்லாத்தையும் ஒரே பைப்புல விட்டா முடிஞ்சுது சார்" என்று மேஸ்திரி சொல்வார், முதலாளியும் தலையாட்டிவிடுவார். எத்தனை இடத்தில் பார்த்தாலும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

60 பேர் தங்கும் முகாமில் கழிப்பறைக்குள் போகும் தண்ணீர், ஆளுக்கு 25 லிட்டர் என்றால் நாளைக்கு 1,500 லிட்டர். 4,500 லிட்டர் டேங்க் இதை மூன்று நாள் வைத்திருக்கும். அதற்குள் மலம் அடியில் படியும், தெளிந்த நீர் மட்டும், அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் உறிஞ்சுகுழிக்குப் போகும். இதே டேங்கில் ஷவரையும் சேர்த்தால்? நிமிடத்துக்கு 8 லிட்டர் ஷவரில் ஆறு நிமிடம் நின்றால் ஏறக்குறைய 50 லிட்டர். அறுபது பேருக்கு 3,000 லிட்டர், அதுவும் காலை இரண்டு மணி நேரத்துக்குள். அந்த வேகத்தில் படிந்த கசடு கலங்கி, அப்படியே உறிஞ்சுகுழிக்குள் இறங்கிவிடும். அங்கே மண்ணின் துளைகளில் கறுப்பாக ஒரு வழுவழுப்பான படலம் கட்டும். அதன்பின் மண் தண்ணீரை இழுக்காது.

வார நாளில் முகாம் காலியாகக் கிடப்பதால் உடனே எதுவும் தெரியாது. பொங்கல் விடுமுறை போல நான்கு நாள் சேர்ந்து வரும்போதுதான் கிளாசெட்டில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். லாரியைக் கூப்பிட்டு டேங்கைக் காலி செய்வார்கள், இரண்டு வாரத்தில் மறுபடி நிறையும். உடனே "டேங்க் சின்னது" என்று பெரிதாக ஒன்று கட்டுவார்கள். அதுவும் நிறையும், ஏனென்றால் செத்துப்போனது குழி. சந்தேகமிருந்தால், ஆளில்லாமல் இரண்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமை உறிஞ்சுகுழி மூடியைத் திறந்து பாருங்கள். வரத்துக் குழாய் மட்டத்தில் இன்னும் தண்ணீர் நின்றால் வேறு இடத்தில் புதுக் குழிதான்.

கட்டும்போதே பிரித்துவிட்டால் கூடுதல் செலவு சில லென்த் பைப், ஒரு சேம்பர் (சிறு தொட்டி), அவ்வளவுதான். கட்டிய பிறகு என்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். கிளாசெட்டுக்கு 110 மி.மீ. பைப், பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் (சரிவு). குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் நானி டிராப்பிலிருந்து 75 மி.மீ. பைப் தனியாக வந்து, முடியும் மண்ணும் தங்க வலை போட்ட சேம்பர் வழியாக ஜல்லி நிரப்பிய வாய்க்காலுக்குப் போகட்டும். மேலே கல்வாழை நடலாம். ஷவருக்குப் பதில் குழாயும் 15 லிட்டர் வாளியும் வைத்தால் தண்ணீர் பாதிக்கு மேல் குறையும். நம் ஆட்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வாய்க்கால் நீளத்தை மண்தான் சொல்ல வேண்டும். வாய்க்கால் வரும் அதே ஆழத்துக்கு ஓரடி அகலக் குழி வெட்டி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊறவிடுங்கள். மறுநாள் 15 செ.மீ. தண்ணீர் விட்டு அரைமணி நேரம் அளந்து, 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடுங்கள். பத்து நிமிடம் என்றால் வாய்க்கால் அடிப்பரப்பில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் வரை விடலாம். முப்பது என்றால் 37 லிட்டர்தான். அறுபதைத் தாண்டினால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். கிணறு 18 மீட்டருக்குள் இருக்கவே கூடாது; 30 மீட்டர் தள்ளியிருந்தால் நல்லது.

லாரிக்கு எட்டாத டேங்க்

காட்சிக்கு இடைஞ்சல் என்று சரிவில் கீழே கொண்டுபோய்ப் புதைப்பார்கள். லாரி மேலே சாலையில் நிற்கும். உறிஞ்சும் பம்பு காற்றழுத்தத்தை நம்பி வேலை செய்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் அந்த அழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு மேல் நம்பாதீர்கள். ஆளை இறக்கி அள்ளச் சொல்வது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மலையில் இன்ஸ்டன்ட் கீஸர்

12 டிகிரி தண்ணீரை 40க்குக் கொண்டுவர, 3 கிலோவாட் கீஸர் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். வாளி நிறையப் பத்து நிமிடம். விறகு பாய்லர் போதும். புகைபோக்கி கூடாரப் பக்கம் திரும்பாமல் பாருங்கள்.

தினமும் ஆசிட்

டேங்கில் உள்ள பாக்டீரியா சாகும். பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

நாப்கின் டப்பாவை வாசலில் வைப்பது

மூடி போட்ட டப்பா ஒவ்வொரு அறைக்குள்ளும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாப்கின் கிளாசெட்டுக்குள்தான் போகும்.