பந்தேய் ஸ்ரீ போகுமுன் அல்சூரில் ஒரு காலை

கம்போடியா போகிறேன் என்று யார் சொன்னாலும், கிளம்பும் முன் பெங்களூர் அல்சூரில் இருக்கும் சோமேஸ்வரர் கோயிலுக்கு ஒரு நடை போய்வரச் சொல்வேன். ராவணன் கைலாயத்தைத் தூக்கும் சிற்பம் அங்கே இருக்கிறது. அதை நின்று நிதானமாகப் பாருங்கள். அதே கதையைத்தான் கம்போடியாவின் பந்தேய் ஸ்ரீ கோயிலில் அந்த நாட்டுக் கெமர் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள். கண் பழகியிருந்தால் அங்கே சட்டென்று பிடிபடும்.

பெங்களூரிலிருந்து பாங்காக் அல்லது சிங்கப்பூர் வழியாக, கோயிலுக்குப் போக வசதியான ஊரான சியம் ரீப் போகலாம். விசாவை ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள். பந்தேய் ஸ்ரீயையும் சேர்த்து அங்கோர் பகுதிக் கோயில்களைப் பார்க்க எடுக்கும் டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. மூன்று நாள் டிக்கெட்டே எடுங்கள். பந்தேய் ஸ்ரீ மற்றக் கோயில்களிலிருந்து தள்ளி இருக்கிறது, ஊரிலிருந்து துக்துக்கில் ஒரு மணி நேரமாவது ஆகும். கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலையில் போவதுதான் சரி. இளஞ்சிவப்பு மணற்கல்லில் சாய்வெயில் பட்டால் செதுக்கல் எல்லாம் எடுப்பாகத் தெரியும்.

967-இல் பிரதிஷ்டை செய்த சிவன் கோயில் இது. கட்டியவர் அரசர் இல்லை, அரசவையில் இருந்த யக்ஞவராகர். நம் ஊர்க் கோபுரங்களோடு பார்த்தால் ரொம்பச் சின்னது.

உள்பிராகாரத்தின் கிழக்கு வாசலுக்கு மேலே ஈசன் ஆடுகிறார். அவரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். காலடியில் ஓரமாக, உடம்பு வற்றி, மார்பு தொங்கிப்போன ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார்! கூட வந்த என் அத்தை, “அம்மா தாயே, இங்கயும் வந்து உக்காந்துட்டியா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஈசன் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருக்க வேண்டும் என்று கேட்டவரை, கடல் தாண்டி அப்படியே உட்கார வைத்திருக்கிறார்கள். தமிழர்கள் இந்த ஓர் உருவத்துக்காகவே போகலாம்.

அப்புறம் உள்ளே இடது பக்கம், ‘தெற்கு நூலகம்’ என்று சொல்லப்படும் சின்னக் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் ராவணன். படிப்படியாக எழும் மலை, உச்சியில் ஈசனைப் பற்றிக்கொள்ளும் உமை, கீழே மிரண்டு ஓடும் மிருகங்கள். கண்ணை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிப் பாருங்கள். கயிறு கட்டியிருப்பதால் கிட்டே போக முடியாது. சின்ன பைனாகுலர் ஒன்று கையில் இருக்கட்டும். அதே கட்டடத்தின் மேற்கு முகப்பில் மன்மதன் ஈசன் மேல் அம்பு விடுகிறான். கூட்டம் பெரும்பாலும் முன்பக்கத்தோடு திரும்பிவிடும், நீங்கள் பின்னால் சுற்றிப் போய் அதையும் பார்த்துவிடுங்கள்.