பள்ளியும் வழிபாடும் ஒரே அறையில்: யூட்டா சிற்றூர்களின் வரலாற்றை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் என்ற கிறித்தவப் பிரிவின் குடியேறிகள் அமைத்த சிற்றூர்களில் வார நாளில் பள்ளியாக இருந்த அறையே ஞாயிறன்று வழிபாட்டுக் கூடம். கிராஃப்டனில் 1886இல் சுடாத மண் செங்கல்லால் கட்டியதும், ஃபுரூட்டாவில் 1896இல் மரத்தடிகளால் கட்டியதும் இன்றும் நிற்கின்றன. நிற்பதுதான் சிக்கலே. கண்ணில் படுவதை அப்படியே முதல் நாள் தோற்றமாக எழுதிவிடுகிறார்கள்.

ஃபுரூட்டாவில் இப்போது தெரிவது மரச்சில்லு வேய்ந்த சாய்கூரை. முதலில் இருந்ததோ மண் பரப்பிய தட்டைக் கூரை. சாய்கூரை 1912, 1913 வாக்கில்தான் ஏறியது. உள்சுவர்ப் பூச்சு 1935இல் வந்தது. அதுவரை மரத்தடிகளும் இடுக்கில் அடைத்த காரையும்தான். பள்ளி 1941இல் மூடப்பட்டது. ஆகவே கடைசிக்கட்ட மாணவர்கள் சொல்லும் பூச்சுச் சுவரை முதல் மாணவர்கள் பார்த்ததே இல்லை. கூரைக்கு ஓர் ஆண்டு, சுவருக்கு ஓர் ஆண்டு என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரின் வயதைக் கட்டடத்துக்குக் கொடுப்பது அடுத்த தவறு. கிராஃப்டனில் குடியேறியது 1859இல். 1862 வெள்ளம் ஊரையே அடித்துப்போக, வேறிடத்தில் மறுபடி அமைத்தார்கள். இன்றுள்ள கட்டடம் அந்த இரண்டாவது ஊருடையது.

சிலுவை இல்லை, ஆகவே வெறும் பள்ளிதான் என்று முடிவு கட்டாதீர்கள். மார்மன் கூடங்களில் சிலுவை வைக்கும் வழக்கம் இல்லை. மேசைகளைப் பாருங்கள்: ஃபுரூட்டாவில் இருவர் அமரும் பைன் மேசைகளைத் தொடக்கத்தில் தரையோடு பிணைக்கவில்லை. ஒதுக்கிவிட்டால் ஆராதனை, நடனம், ஊர்க்கூட்டம் எல்லாமே அங்கேதான்.

'அரசுப் பள்ளி' என்று எழுதும் முன்பும் ஆண்டைப் பாருங்கள். யூட்டாவில் இலவசப் பொதுப்பள்ளிச் சட்டம் 1890இல்தான் வந்தது. ஆசிரியர் பயிற்சி பெற்றவராக இருப்பார் என்றும் எண்ண வேண்டாம். ஃபுரூட்டாவின் முதல் ஆசிரியை நெட்டி பெஹுனினுக்கு வயது 12.

மாணவர் பெயர்களுக்கு 1890 மக்கள்தொகைக் கணக்கைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். 1921 தீ விபத்துக்குப் பின் அதில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. 1900 கணக்கில் எத்தனை மாதம் பள்ளி சென்றார்கள் என்றே ஒரு நெடுவரிசை உண்டு. ஆனால் பழைய ஆவணங்களில் ஃபுரூட்டா கிடைக்காது, அன்று ஊரின் பெயர் ஜங்ஷன். 1892க்கு முந்தையவற்றை வெய்ன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) தேடாதீர்கள். அதுவரை அந்தப் பகுதி பையூட் கவுண்டியில் இருந்தது.