முதல் நீர்க்குளிர்விப்பு: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

கணினியை ஒருமுறையாவது தம் கையால் கோத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே தெர்மல் பேஸ்ட் தடவுவது, மதர்போர்டைப் பொருத்துவது போன்றவற்றை விளக்கப் போவதில்லை. நீரும் பம்பும் உள்ளேயே அடைக்கப்பட்டு, கடையில் ஒரே பொருளாகக் கிடைக்கும் குளிர்விப்பானைப் பற்றியதும் அன்று இது; பம்ப், தொட்டி, ரேடியேட்டர் (நீரின் வெப்பத்தை விசிறிக்காற்றில் வெளியேற்றுவது), பிளாக் (சில்லின்மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்குக் கடத்துவது), குழாய் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்கும் முறையைப் பற்றியது. இதில் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எளிது. அவை கேபினெட்டுக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே அறிவதுதான் கடினம். நான் தடுக்கி விழுந்த இடமும் அதுவே.

முதலில் வெப்பக் கணக்கைப் போடுங்கள். என்னிடம் இருப்பவை ரைசன் 7 5800எக்ஸ் பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டும். முன்னது முழு வேலையில் 142 வாட் வரை இழுக்கும். பின்னதன் அளவு 320 வாட். ஆக, 460 வாட்டுக்குச் சற்று மேலான வெப்பத்தை நீர் சுமந்து செல்ல வேண்டும். 120 மி.மீ. விசிறி ஒன்று அமரும் அளவுள்ள ரேடியேட்டர் பரப்பு, நீர் அறையைவிடப் பத்து டிகிரி சூடாக இருக்கும் நிலையில், மிதமான வேகத்தில் ஏறத்தாழ 100 வாட்டை வெளியேற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். இது தோராயக் கணக்குதான்; ஆனால் திட்டமிட இது போதும். எனக்கு ஐந்து விசிறி இடங்கள் தேவைப்பட்டன: ஒரு 360 (மூன்று விசிறிகளுக்கு), ஒரு 240 (இரண்டு விசிறிகளுக்கு).

நீர் ஒருபோதும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. ஏசி இல்லாத சென்னை அறை மே மாதத்தில் 35 டிகிரியில் இருந்தால், மேற்சொன்ன கணக்குப்படி நீர் 45 டிகிரியில் இருக்கும். இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் டி5 வகைப் பம்புகளுக்குப் பொதுவாக 60 டிகிரிதான் உச்சவரம்பு. குளிர்நாட்டார் காணொளிகளில் ஒரே ஒரு 240 ரேடியேட்டரை வைத்துச் சமாளிப்பதைப் பார்த்து நாமும் அப்படியே வாங்கினால், ஏப்ரலிலேயே விசிறிகள் அலறத் தொடங்கிவிடும்.

இனி அளவு. என் கேபினெட்டின் விவரத்தாளில் மேற்புறம் 360 ரேடியேட்டர் பொருந்தும் என்று போட்டிருந்தது. அதை நம்பி, தடித்தது நல்லது என்ற எண்ணத்தில் 45 மி.மீ. தடிமனுள்ள ஒன்றை வாங்கினேன். அதன்மேல் விசிறியின் 25 மி.மீ. சேர்ந்தால் 70 மி.மீ. ஆகிவிடும் என்பதை, திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உணர்ந்தேன். கேபினெட்டின் மேல்தகட்டிலிருந்து மதர்போர்டின் மேல்விளிம்பு வரை எனக்கு இருந்தது 58 மி.மீ. மட்டுமே. விசிறியின் ஓரம் ரேமின் தலையில் இடித்தது; பிராசசருக்கு மின்சாரம் தரும் எட்டு முனை இணைப்பின்மேல் விசிறியின் சட்டம் ஏறி உட்கார்ந்துகொண்டது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்ததால், அந்த ரேடியேட்டர் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. பின்னர் 30 மி.மீ. தடிமனுள்ளதை வாங்கினேன், 55 மி.மீ.க்குள் அடங்கியது.

ஆகையால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, ரேடியேட்டரும் விசிறியும் சேர்ந்த பருமனில் ஒரு மாதிரி செய்து, அதைக் கேபினெட்டுக்குள் வைத்துப் பாருங்கள். 360 என்பது மூன்று விசிறிகளின் நீளம் மட்டுமே. இரு முனைகளிலும் உள்ள நீரறைகளைச் சேர்த்தால் ரேடியேட்டரின் உண்மையான நீளம் ஏறத்தாழ 400 மி.மீ. வரும். முனையில் ஃபிட்டிங் (குழாயைப் பிடிக்கும் திருகு இணைப்பு) திருகவும் குழாய் வளையவும் மேலும் ஐந்தாறு சென்டிமீட்டர் விடுங்கள். மேலே ரேடியேட்டரை ஏற்றுவதற்கு முன்பே அந்த எட்டு முனை வயரைச் செருகிவிடுங்கள். பிறகு விரல் நுழையாது.

விசிறியை ரேடியேட்டரோடு இணைக்கும் திருகாணி 30 மி.மீ. நீளம் இருந்தால் போதும். அதைவிட நீண்டது சில ரேடியேட்டர்களில் நேரே நீரோடும் தட்டைக் குழலில் குத்தி ஓட்டை போட்டுவிடும்.

எந்தப் பாகத்துக்குப் பிறகு எது என்ற வரிசைக்காக நான் இரண்டு இரவுகளை வீணாக்கினேன். நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓடும் சுற்றில் 460 வாட் வெப்பம் நீரைச் சுமார் ஒன்றேமுக்கால் டிகிரிதான் சூடாக்கும். ஆகவே எந்த வரிசையில் வைத்தாலும் பெரிய வேறுபாடு இராது. தொட்டியிலிருந்து நீர் நேராகப் பம்புக்குள் இறங்க வேண்டும் என்பது மட்டுமே மாறாத விதி, ஏனென்றால் பம்பைக் குளிர்விப்பதும் வழவழப்பாக வைத்திருப்பதும் அந்த நீர்தான். வெறுமையாக ஓடினால் கெட்டுவிடும். மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வும் வையுங்கள். அதைச் சேர்க்காதவர்கள் முதல்முறை நீரை மாற்றும்போது என்னை நினைத்துக்கொள்வார்கள்.

உலோகங்களைக் கலக்காதீர்கள். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவை ஒன்றாக இருக்கலாம். அந்தச் சுற்றில் அலுமினியம் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும். கிராபிக்ஸ் கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ளிருக்கும் போர்டு மாறும். பிளாக் வாங்கும்போது கார்டின் முழு மாடல் பெயரையும் ஒப்பிடுங்கள்.

குழாயைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கருத்து உண்டு: முதல்முறையாகச் செய்பவர் வளைத்துப் பொருத்தும் கெட்டிக் குழாயை நாட வேண்டாம். கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய் அழகற்றதுதான். ஆனால் கத்தரியால் வெட்டலாம், தவறினால் மறுபடி வெட்டலாம், மலிவான தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப்போல நாளடைவில் மங்காது. ஃபிட்டிங்குகளின் ஜி 1/4 மரை பெரும்பாலும் பொதுவானது. குழாயைப் பிடிக்கும் பக்கம்தான் மாறும். 10/16 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ.; அதற்கு 10/13 ஃபிட்டிங் உதவாது. கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனரைத் தொட்டால் பிளாக், தொட்டி ஆகியவற்றின் அக்ரிலிக் விரியும்.

ரேடியேட்டரை வாளித் தண்ணீரால் அல்லாமல் டிஸ்டில்டு வாட்டரால், உள்ளிருக்கும் பற்றவைப்புக் கசடு வருவது நிற்கும்வரை குலுக்கிக் கழுவுங்கள். என்னுடையதில் முதல் இரண்டு முறை கரும்பொடி வந்தது.

கசிவுச் சோதனையின்போது மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்குச் செல்லும் எல்லா மின்வயர்களையும் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். மதர்போர்டுக்குச் செல்லும் அதன் 24 முனை இணைப்பில் மாட்டும் பிரிட்ஜ் பிளக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது; அதைச் செருகினால் மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் இயங்கும். தொட்டியில் நீர் குறையும்போதெல்லாம் பம்பை நிறுத்தி, நிரப்பி, மறுபடி இயக்குங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ தாளை மடித்து வைத்து ஒருநாள் முழுதும் ஓடவிடுங்கள். என் கணினியில் ஆறு மணிநேரம் கழித்துத்தான் பிராசசர் பிளாக்கின் அடியில் இருந்த தாளில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரம் பரவியது; கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தன் பள்ளத்தில் சரியாக அமராமல் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது.

பின்சேர்க்கை: பிரிட்ஜ் பிளக்குக்குப் பதிலாக அந்த 24 முனை இணைப்பின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். இப்போதைய எஸ்எம்பிஎஸ் பலவற்றில் எல்லா வயர்களுமே கறுப்பு என்பதால், எண்ணிப் பார்த்துத் தவறான முனையில் கம்பியைச் செருகும் ஆபத்து உண்டு. பிளக்கையே வாங்குங்கள்.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாக முடிந்தபின், கணினி திறந்தவுடன் விசிறி இல்லை என்ற எச்சரிக்கை வந்து நின்றுவிட்டதாம். பிராசசர் விசிறிக்கான முனை காலியாக இருந்ததே காரணம். பம்பின் வேகத்தைத் தெரிவிக்கும் வயரை அந்த முனையில் செருகுங்கள். பம்ப் நின்றுபோனாலும் அதே எச்சரிக்கை உங்களுக்கு வரும்.