ஒரே அர்த்தம் தரும் இரண்டு ஜப்பானியச் சொற்கள்: எதை எங்கே போடுவது?

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ஒரு திருத்தம் எப்போது முடியும் என்று கூட்டத்தில் மேலாளர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன்: "ஷிரிமசென்." அறையில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் இருந்த சக ஊழியர் அவசரமாக ஏதோ சொல்லிச் சமாளித்தார். வெளியே வந்ததும், "நீங்கள் சொன்னது 'அது எனக்கென்ன தெரியும்' என்பது போல இருந்தது. 'வக்கரிமசென்' என்றாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

என் நோட்டில் "தெரியாது" என்பதற்கு நேரே இரண்டு சொற்களும் சமத்தாக உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து இந்த மாதிரி ஜோடிச் சொற்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அதைத்தான் கீழே எழுதுகிறேன். ஹிரகனா, கதகனா, அடிப்படை வினை வடிவங்கள் தெரிந்தவர்களுக்கானது இது. தெரியாதவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

படிக்கும் முன் ஒன்று: க, த, ப வரும் இடங்களில் வல்லோசைக்கு ஒற்றை இரட்டித்திருக்கிறேன். "வக்கரு" என்றால் அழுத்தமான க. "அகெரு" என்றால் "அகம்" என்பதில் வருவது போன்ற மென்மையான க. தமிழ் எழுத்தில் இதற்கு மேல் முடியாது. ஒலியைக் காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆங்கில அர்த்தத்தை அடித்துவிடுங்கள்

நம்மில் பெரும்பாலோர் ஜப்பானியத்தை ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் படிக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. இனே, மொமி, கொமே, கோஹன் என்ற நான்குக்கும் பல பட்டியல்களில் "ரைஸ்" என்றே இருக்கும். தஞ்சாவூர்க்காரருக்கு இதில் என்ன குழப்பம்? இனே வயலில் நிற்கும் நெற்பயிர். மொமி உமியோடு இருக்கும் நெல். கொமே அரிசி. கோஹன் சோறு. வேலை முடிந்தது.

இன்னும் சில: ஒமொவு என்றால் நினைப்பது, கங்கயெரு என்றால் யோசிப்பது. ஒபொயெத்தே இரு என்றால் ஞாபகம் இருக்கிறது, ஒமொய்தசு என்றால் ஞாபகத்துக்கு வருகிறது. சுட வைத்த தண்ணீரை "சூடான மிஜு" என்று ஜப்பானியர் சொல்வதில்லை, அதற்கு ஒயு என்று தனிச் சொல் உண்டு. நாம் வெந்நீர் என்பது போலத்தான். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நாலு பேருக்கும் அங்கேயும் தனித்தனிப் பெயர்.

ஆகவே நோட்டில் ஆங்கிலத்தை அடித்துவிட்டுத் தமிழை எழுதுங்கள். ஜோடிகளில் கணிசமான பங்கு இதிலேயே பிரிந்துவிடும். பிரியாதவற்றுக்கு அடுத்த படி.

படி 2: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

ருய்கோ என்றால் ஒத்த பொருள் கொண்ட சொற்கள். ஜப்பானிய ருய்கோ அகராதிகள் சிலவற்றில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, பொருந்தினால் வட்டம், இழுத்துப் பிடித்தால் பொருந்தும் என்றால் முக்கோணம், பொருந்தாவிட்டால் பெருக்கல் குறி. அதையே நாமும் செய்கிறோம்.

ஸமுயி, ட்சுமெத்தாய் இரண்டும் குளிரைச் சொல்பவை. "இன்றைக்கு ரொம்பக் குளிர்" என்பதில் ஸமுயிக்கு வட்டம், ட்சுமெத்தாய்க்குப் பெருக்கல். "பீர் ஜில்லென்று இருக்கிறது" என்பதில் நேர் தலைகீழ். "உன் கை சில்லிட்டிருக்கிறது" என்றாலும் ட்சுமெத்தாய்தான். "ஈரமில்லாத மனுஷன்" என்பதற்கும் ட்சுமெத்தாய். ஆனால் மொக்கை ஜோக்குக்கு ஸமுயி! கேட்டவர்கள் எல்லோருக்கும் குளிரடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள்: உடம்பு முழுக்கக் காற்றில் உணர்ந்தால் ஸமுயி, தொட்டு உணர்ந்தால் ட்சுமெத்தாய். அந்த ஒரு வரியை நீங்களே எழுத வேண்டும். யாரோ எழுதியதை நகலெடுத்தால் இரண்டு நாளில் மறந்துவிடும், எனக்கு மறந்தது.

சூட்டுக்கு இந்தத் தொல்லை பேச்சில் இல்லை. வெயிலுக்கும் காபிக்கும் ஒரே அட்ஸுயிதான். எழுத்தில் மட்டும் காஞ்ஜி, அதாவது சீன வழி எழுத்து, வேறு: மேலே சூரியன் இருந்தால் வானிலை, கீழே நெருப்பைக் குறிக்கும் நாலு புள்ளி இருந்தால் பொருளின் சூடு.

படி 3: சாட்சி தேடுங்கள்

மாற்றிப் போட்டது சரியா என்று எப்படித் தெரியும்? முதலில், தேடுபொறியில் இரண்டு சொற்களையும் ஜப்பானிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ச்சிகாய் என்ற சொல்லையும் சேருங்கள். ச்சிகாய் என்றால் வித்தியாசம். ஜப்பானியர்களுக்கே இந்தச் சந்தேகங்கள் உண்டு, அவர்களுக்காக எழுதிய விளக்கங்கள் நிறையக் கிடைக்கும்.

ஜிஷோ என்ற இணைய அகராதி எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. படிக்கும்போது சொல்லுக்கு அர்த்தம் பார்க்க நல்லது. வித்தியாசம் பார்க்க அதை நம்பாதீர்கள். அது தருவது ஆங்கிலம், நாம் முதல் படியில் தூக்கி எறிந்த அதே ஆங்கிலம். அதில் வரும் உதாரண வாக்கியங்கள் தத்தோயெபா என்ற தன்னார்வலர் தொகுப்பிலிருந்து வருபவை. எல்லாமே இயல்பான ஜப்பானியம் என்று சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது தரவகம், அதாவது நிஜமாக எழுதப்பட்டவற்றைத் திரட்டிய தொகுப்பு. ஜப்பானின் தேசிய மொழி ஆய்வு நிறுவனம் சுமார் 10 கோடி சொற்கள் கொண்ட எழுத்துத் தரவகம் ஒன்றை 2011-ல் வெளியிட்டது. அதில் தேட என்எல்பி (NLB) என்று ஒரு கருவி. ஒரு வினையைக் கொடுத்தால் அதோடு எந்தப் பெயர்ச்சொற்கள் அதிகம் வருகின்றன என்று வரிசைப்படுத்திக் காட்டும். இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் செய்யும். முகப்பு பழைய காலத்துப் பாணி, முழுக்க ஜப்பானியம், முதல் நாள் பயமாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் மல்லுக்கட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவு செயலிகளிடம் "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்" என்று கேட்டால் இல்லாத வித்தியாசத்தையும் அழகாகச் சொல்லும். "இந்த வாக்கியம் இயல்பா, இல்லையா" என்று கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் பிழைக்கும். அப்போதும் சாட்சி வேண்டும்.

படி 4: தமிழ் காலை வாரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நான் விழுந்தது இங்கேதான். ஆங்கிலத்தைத் தூக்கி எறிந்த தெம்பில் தமிழை முழுசாக நம்பினேன்.

முதலில் ஷிருவும் வக்கருவும். தெரியும், புரியும் என்று பிரித்தால் பாதி சரி. வக்கரு நம் "புரியும்" மாதிரியே நடக்கும். "எனக்கு ஜப்பானியம் புரியும்" என்பதில் "ஜப்பானியத்தை" என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அங்கேயும் நிஹொங்கோவோடு "ஒ" வராது, "கா"தான் வரும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம், நமக்கு இலவசம்.

சிக்கல் எதிர்மறையில். தமிழில் "தெரியலை" என்ற ஒன்றை எங்கேயும் போடலாம். ஜப்பானியத்தில் ஷிரு என்பது வெளியிலிருந்து ஒரு தகவல் நம்மிடம் வந்து சேர்வது. ஷிரிமசென் என்றால் அந்தத் தகவல் என்னிடம் வந்ததே இல்லை. ஏதோ ஒரு பாடகரைத் தெரியுமா என்று கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நாளைக்கு என்ன செய்யப் போகிறாய், உன் வேலை எப்போது முடியும் என்று கேட்டால்? அது நாமே யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதற்கு ஷிரிமசென் என்றால் "எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று விழும். அங்கே வக்கரிமசென். அலுவலகத்தில் இன்னும் பத்திரமானது "கக்குனின் ஷிமஸ்", அதாவது சரிபார்க்கிறேன்.

கூடவே ஒரு கோணல்: "தெரியுமா?" என்பது ஷித்தே இமஸ் கா. தெரியும் என்றால் ஷித்தே இமஸ். தெரியாது என்றால் ஷித்தே இமசென் என்று வரக்கூடாது, ஷிரிமசென்தான். காரணம் தேடாமல் மனப்பாடம் செய்யுங்கள்.

அடுத்தது கொடுப்பது. அகெரு, குரெரு இரண்டும் கொடுப்பதுதான். நான் பிறருக்குக் கொடுத்தால் அகெரு, பிறர் எனக்குக் கொடுத்தால் குரெரு. இதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன், ஏனென்றால் தமிழிலும் தா, கொடு என்று இரண்டு உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் தெளிவாகவே இருக்கிறது: தரு, வரு இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். பேச்சுத் தமிழில் இது கலங்கிவிட்டது, மலையாளத்தில் இன்னும் கறாராக இருக்கிறது. சரி, தா என்றால் குரெரு, கொடு என்றால் அகெரு என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அப்புறம் ஊரிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலத்தைச் சக ஊழியரிடம் நீட்டி, "இதை உங்களுக்குத் தரேன்" என்ற நினைப்பில் "கொரே, குரெமஸ்" என்றேன். அவர் தன் மேசையைச் சுற்றிப் பார்த்தார். நான் அவரிடம் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

என்ன தப்பு என்று பிடிக்க ஒரு வாரம் ஆனது. தொல்காப்பியத்தின் அந்தக் கணக்கில் "நீ" என்பவர் என் பக்கம். ஜப்பானியத்தில் "நீ" எதிர்ப் பக்கம். குரெரு என்னை நோக்கி வருவதற்கு மட்டும்தான். அந்த "என்னை" என்பதில் என் வீட்டு ஆட்கள் அடக்கம்: என் தங்கைக்கு யாராவது புத்தகம் கொடுத்தாலும் குரெரு. கேட்பவர் அடக்கமில்லை.

இது பிடிபட்டதும் இன்னொரு பூட்டும் தானாகத் திறந்தது. "கொஞ்சம் இங்கே வா" என்று யாராவது கூப்பிட்டால் நாம் "இதோ வரேன்" என்போம். ஜப்பானியர் "இமா இக்கிமஸ்" என்பார்கள், அதாவது இப்போது போகிறேன். தொல்காப்பியத்தில் வருவும் தருவும் ஒரே சூத்திரத்தில் வருவதை யோசித்துப் பாருங்கள். கேட்பவரை நோக்கி நகர்வது நமக்கு வருகை, அவர்களுக்குப் போக்கு. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர்கள் சொல்லும் "இத்தே கிமஸ்" அச்சு அசலாக நம் "போயிட்டு வரேன்".

(இந்த மாதிரி ஒற்றுமைகளைப் பார்த்ததும் இரண்டும் உறவு மொழிகள் என்று கிளம்பிவிடாதீர்கள். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ அப்படித்தான் வாதிட்டார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நமக்கு வேண்டியது ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு கொக்கி, அவ்வளவுதான்.)

முறுக்கு விஷயத்துக்கு வருவோம். அகெமஸ் என்று திருத்திச் சொல்லியிருந்தாலும் கொஞ்சம் இடித்திருக்கும், "உனக்கு நான் கொடுக்கிறேன் பார்" என்ற தொனி அதில் வரலாம். நீட்டிவிட்டு "தோஜோ", அதாவது எடுத்துக்கொள்ளுங்கள், என்றால் போதும். இரண்டில் எது என்று மண்டையை உடைக்கும்போது, இரண்டுமே இல்லை என்ற விடைக்கும் ஓர் இடம் வையுங்கள்.

படி 5: சொல் எந்த வீட்டுப் பிள்ளை?

சில ஜோடிகளில் பொருள் ஒன்றேதான், இடம்தான் வேறு. ஜப்பானியச் சொற்களில் மூன்று அடுக்கு: சொந்தச் சொல் வாகோ, சீன வழிச் சொல் காங்கோ, மேலைநாட்டுக் கடன் கைரைகோ. விதிமுறை என்பதற்கே கிமரி, கிசொக்கு, ரூரு என்று மூன்று. தொடக்கம், ஆரம்பம், ஸ்டார்ட் மூன்றையும் நாம் எங்கெங்கே சொல்கிறோம் என்று பார்த்தால் விளங்கிவிடும். சோறு, சாதம், ரைஸ் கூட அப்படித்தானே? அங்கே கிண்ணத்தில் வந்தால் கோஹன், மேலைநாட்டு உணவோடு தட்டில் வந்தால் ரைஸு. நண்பர்களோடு முரட்டுத்தனமாகப் பேசும்போது மெஷி.

படி 6: அட்டையில் ஏற்றுவது

மனப்பாட அட்டைகளுக்கு ஆங்கி என்ற செயலியைத்தான் சொல்வேன். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. ஜோடிச் சொற்கள் இரண்டையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள், ஒன்றை ஒன்று அழிக்கும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றது. அட்டையில் தனிச் சொல் வேண்டாம், கோடிட்ட இடம் வைத்த வாக்கியம் போடுங்கள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை தொடங்கி "யோஹோ" என்று ஒரு கேள்வி வகை வரும். ஒரு சொல், நாலு வாக்கியம், எதில் சரியாக வந்திருக்கிறது? அர்த்தம் மட்டும் படித்தவர்கள் அங்கே திணறுவார்கள்.

பிற்சேர்க்கை 1: போடுவது பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நமக்குச் சட்டை, செருப்பு, தொப்பி, கண்ணாடி எல்லாமே "போடு". அங்கே சட்டைக்குக் கிரு, இடுப்புக்குக் கீழே ஹக்கு, தலைக்குக் கபுரு, கண்ணாடிக்குக் கக்கெரு. கிமோனோ கால் வரை வந்தாலும் தோளில் ஏறுவதால் கிருதான்.

பிற்சேர்க்கை 2: மேலாளரிடம் "உதவட்டுமா" என்று கேட்க "தெத்ஸுதாத்தே அகெமஷோ கா" என்று சொல்லி முகச்சுளிப்பு வாங்கியதாக ஒருவர் எழுதியிருந்தார். அகெருவை இன்னொரு வினையோடு ஒட்டினால் "உனக்காகப் போனால் போகிறது என்று செய்கிறேன்" என்ற வாடை வரும். பெரியவர்களிடம் "ஒத்தெத்ஸுதாய் ஷிமஷோ கா" என்று கேளுங்கள்.

பிற்சேர்க்கை 3: பெறுவதற்கான மொராவு பற்றி நான் எழுதவே இல்லை என்று திட்டு வந்தது. நியாயம்தான். "தொமொதாச்சி நி மொரத்தா" என்பதில் வரும் "நி"யைக் "கு" என்று படித்து, நண்பனுக்குக் கொடுத்தேன் என்று புரிந்துகொண்டவர்கள் மூன்று பேர். இங்கே அது "இடமிருந்து". குழப்பமாக இருந்தால் "நி"க்குப் பதில் "கரா" போடுங்கள், அதுவும் சரிதான். நான் இன்றைக்கும் பேசும்போது "கரா"வைத்தான் போடுகிறேன்.